தண்ணீருக்கு வாருங்கள்

மேரு, காப்பார், கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் வட்டாரங்களிலிருந்து இந்த ஆண்டு பல்கலைக்கழகம் போகும் தம்பி தங்கைகளுக்கும், அங்கே இந்திய மாணவர் அமைப்புகளின் செயலவையில் இருப்பவர்களுக்கும்,



சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். நீங்கள் படிக்கப் போகும் இடத்தில் ஒரு துடுப்புப் படகுக் கழகம் தொடங்குங்கள். ஏற்கெனவே இருந்தால் போய்ச் சேருங்கள். தொடங்கும்போதே, நீங்கள் பட்டம் வாங்கி வெளியேறிய பின்னும், உங்கள் பிள்ளைகள் அதே வளாகத்துக்குப் படிக்க வரும்போதும் இருக்கும்படி தொடங்குங்கள்.

நமக்கும் படகுக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களில் பலர் நினைப்பீர்கள். பந்து விளையாடுவோம், பூப்பந்து ஆடுவோம், கபடி, சிலம்பம் என்றால் ஓடி வருவோம். படகு யாரோ பணக்காரர்களின் விளையாட்டு, வெள்ளைக்காரர்களின் விளையாட்டு என்றுதான் நானும் வளர்ந்தேன். என் தாத்தா பால்மரம் வெட்டியவர். அப்பா போர்ட் கிள்ளானில் கிடங்கு வேலை பார்த்தவர். உபகாரச் சம்பளத்தில் இங்கிலாந்துக்குப் படிக்கப் போன காலத்தில் கல்லூரிப் படகில் துடுப்பு வலிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அங்கே பார்த்ததையும், பிறகு தேடிப் படித்ததையும் உங்களிடம் சேர்ப்பது என் கடமை என்று நினைக்கிறேன்.

முதலில் பழைய கழகம் ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் படகுக் கழகம் 1828ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கியது. ஹாரோ பள்ளியில் ஒன்றாகப் படித்த இரண்டு தோழர்களில் சார்ல்ஸ் மெரிவேல் கேம்பிரிட்ஜுக்குப் போனார். சார்ல்ஸ் வேர்ட்ஸ்வொர்த் ஆக்ஸ்பர்டுக்குப் போனார். இந்த வேர்ட்ஸ்வொர்த், கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தின் தம்பி மகன். 1829 மார்ச் 12ஆம் நாள் கேம்பிரிட்ஜிலிருந்து ஆக்ஸ்பர்டுக்கு ஒரு கடிதம் போனது. எட்டுத் துடுப்புப் படகில் எங்களோடு மோத வாருங்கள் என்ற அழைப்பு அது. ஜூன் 10ஆம் நாள் தேம்ஸ் ஆற்றில், ஹென்லியில் மோதினார்கள். ஆக்ஸ்பர்ட் வென்றது.

அதன் பிறகு நடந்ததுதான் நமக்கு முக்கியம். இரண்டாவது போட்டி நடக்க ஏழு ஆண்டுகள் ஆயின. எங்கே நடத்துவது, எப்போது நடத்துவது என்று இரண்டு தரப்பும் இழுபறியில் கிடந்தார்கள். 1836இல் லண்டனில் நடந்தது. பிறகும் விட்டுவிட்டுத்தான் நடந்தது. பட்னியிலிருந்து மோர்ட்லேக் வரையிலான பாதை 1845இல்தான் வந்தது. ஆண்டுதோறும் தவறாமல் நடத்தும் வழக்கம் 1856இல்தான் ஏற்பட்டது. இன்று உலகமே தொலைக்காட்சியில் பார்க்கும் அந்த 6.8 கிலோமீட்டர் போட்டி, முதல் 27 ஆண்டுகள் தள்ளாடித் தள்ளாடி நடந்த ஒன்று. ஆகவே உங்கள் கழகம் முதல் ஆண்டு தொடங்கி, இரண்டாம் ஆண்டு படுத்துவிட்டால் வெட்கப்படாதீர்கள். மூன்றாம் ஆண்டு எழுப்புங்கள்.

இரண்டு உலகப் போர்களும் அந்தப் போட்டியை நிறுத்தின. 2020இல் கோவிட் நிறுத்தியது. 2021இல் லண்டனில் நடத்த முடியாமல், ஈலி என்ற சிறு நகரின் ஆற்றில் பார்வையாளர் இல்லாமல் நடத்தினார்கள். படகுகள் நடுவழியில் மூழ்கியதும் உண்டு. 1912இல் இரண்டு படகுகளுமே மூழ்கின. ஒவ்வொரு முறையும் மறுபடி தொடங்கினார்கள். தோற்ற பல்கலைக்கழகம் வென்றதை அடுத்த போட்டிக்கு முறைப்படி அழைக்க வேண்டும் என்ற வழக்கம் இன்றும் இருக்கிறது. தோற்றவர் கையில்தான் அடுத்த ஆண்டின் தொடக்கம் இருக்கிறது. இந்த வழக்கம் எனக்கு மிகவும் பிடித்தது.

ஆனால் கேம்பிரிட்ஜின் உண்மையான பலம் அந்தப் பெரிய போட்டியில் இல்லை என்பது என் எண்ணம். அது கல்லூரிகளுக்கிடையே நடக்கும் ‘பம்ப்ஸ்’ என்ற மோதல் போட்டியில் இருக்கிறது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும்.

கேம் ஆறு குறுகலானது. எட்டுத் துடுப்புப் படகுகள் இரண்டு அருகருகே போவதே கஷ்டம். அதனால் படகுகளை ஒன்றன்பின் ஒன்றாக, ஒன்றரைப் படகு நீள இடைவெளியில் கரையோரம் நிறுத்துவார்கள். கரையோடு கட்டிய சங்கிலியின் மறுமுனையைச் சுக்கான் பிடிப்பவர் கையில் வைத்திருப்பார். பீரங்கி வெடிக்கும். சங்கிலியை விட்டுவிட்டு எல்லாப் படகும் ஒரே நேரத்தில் பாயும். உங்களுக்கு முன்னால் போகும் படகை நீங்கள் தொட வேண்டும். பின்னால் வருவது உங்களைத் தொடுவதற்குள். தொட்டுவிட்டால், மறுநாள் அந்தப் படகின் இடத்தில் நீங்கள் நிற்பீர்கள், அது ஓர் இடம் கீழே இறங்கும். இப்படி நான்கு நாள்.

நான்காம் நாள் எந்த இடத்தில் முடித்தீர்களோ, அடுத்த ஆண்டு உங்கள் கல்லூரி அந்த இடத்தில்தான் தொடங்கும். நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள். படிப்பு முடிந்து வேலைக்குப் போயிருப்பீர்கள். உங்களைப் பார்த்தே இராத ஒரு முதலாண்டுப் பிள்ளை, நீங்கள் வியர்வை சிந்திப் பிடித்துக் கொடுத்த இடத்தில் படகைக் கொண்டுவந்து நிறுத்துவாள். நான் முதன்முதலாகத் துடுப்பைப் பிடித்தபோது எங்கள் படகு நின்ற இடம், நான் பிறப்பதற்கு முன்பே யார் யாரோ ஏறியும் இறங்கியும் வைத்துவிட்டுப் போன இடம். ஆற்றின் முதலிடத்துக்கு வர ஒரு கல்லூரிக்குப் பல தலைமுறை மாணவர்கள் தேவைப்படலாம். கீழிருந்து தொடங்கினால் ஒரே ஆண்டில் யாராலும் அது முடியாது, எவ்வளவு திறமை இருந்தாலும்.

இப்போது நம் பக்கம் பார்ப்போம். செயலவைத் தம்பி தங்கைகளே, உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. உங்கள் உழைப்பை நான் பார்த்திருக்கிறேன். பொங்கல் விழா, தீபாவளி இரவு, நாடகம், பட்டிமன்றம் எல்லாவற்றையும் தேர்வுக்கு நடுவே ஓடியாடிச் செய்கிறீர்கள். ஆனால் எத்தனை இடங்களில் புதிய செயலவை வந்ததும் அலமாரியைத் திறந்தால் பழைய பதாகையும் காய்ந்த தோரணமும் மட்டும் இருக்கின்றன? யாரிடம் மண்டபம் கேட்பது, யார் நன்கொடை தந்தார், போன ஆண்டு எதில் பணம் கரைந்தது என்று ஒரு தாள் கூட இருப்பதில்லை. ஒவ்வோர் ஆண்டும் நாம் ஒன்றாம் படியிலிருந்து ஏறுகிறோம். மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை தன் சிறுகதைப் போட்டியைத் தொடர்ந்து நடத்தி, ‘பேரவைக் கதைகள்’ என்று நூலாக்கி வந்திருக்கிறது. அந்தத் தொடர்ச்சி எவ்வளவு எழுத்தாளர்களுக்குக் கதவு திறந்தது என்பதை நம் இலக்கிய உலகம் அறியும். நம்மால் முடியும் என்பதற்கு அந்தச் சான்று போதும். எழுத்தில் செய்ததைத் தண்ணீரிலும் செய்யலாம்.

பணக்காரர் விளையாட்டு என்ற பேச்சுக்கு வருகிறேன். அந்தப் பேச்சு பொய்யில்லை. அதை மறைத்து உங்களை அழைக்க எனக்கு மனமில்லை.

1839இல் தொடங்கிய ஹென்லி படகுப் போட்டி, 1879இல் ஒரு விதி போட்டது. கைத்தொழில் செய்பவர், கூலிக்கு உடலுழைப்புச் செய்பவர் யாரும் போட்டியிட முடியாது என்பது அதன் சாரம். துடுப்பு வலிப்பதே உடலுழைப்புதான். ஆனால் உடலுழைப்பால் சோறு தின்பவனுக்கு அங்கே இடமில்லை என்றார்கள். 1920இல் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஜான் கெல்லி போட்டியிட விண்ணப்பித்தார். நிராகரித்தார்கள். அவருடைய கழகத்தோடு இருந்த பழைய தகராறும் ஒரு காரணம். அவர் செங்கல் அடுக்கும் கொத்தனாராக வேலை பார்த்தவர் என்பது மற்றொரு காரணம். அதே ஆண்டு ஒலிம்பிக்கில், ஒற்றையர் படகில் இங்கிலாந்தின் ஜாக் பெரஸ்போர்டைத் தோற்கடித்துத் தங்கம் வாங்கினார் கெல்லி. சற்று நேரத்தில் தன் உறவினர் பால் காஸ்டெல்லோவோடு இரட்டையர் படகிலும் தங்கம் வாங்கினார். 1936இல் ஆஸ்திரேலியாவின் ஒலிம்பிக் குழுவையும் ஹென்லி சேர்க்கவில்லை, அவர்கள் போலீஸ்காரர்கள். அந்த அவமானம் உலகெங்கும் பேசப்பட்ட பிறகு, 1937இல் விதியை நீக்கினார்கள். 1947இல் கெல்லியின் மகன் அதே ஹென்லியில் ஒற்றையர் கோப்பையை வென்றார்.

தோட்டத்தில் பிறந்தவர்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், லாரி ஓட்டுபவர்களின் பிள்ளைகள் நீங்கள். அந்த விதி இருந்த காலத்தில் உங்கள் தாத்தா யாரும் அந்த ஆற்றில் இறங்கியிருக்க முடியாது. இன்று உங்களைத் தடுக்க எந்த விதியும் இல்லை. ஒதுங்கி நிற்கும் பழக்கம் மட்டும் நம்மிடம் மிச்சமிருக்கிறது.

அதே 1936இல் நடந்த இன்னொரு கதையை நீங்கள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவின் மேற்குக் கரையில், சியாட்டில் நகரில் இருக்கிறது வாஷிங்டன் பல்கலைக்கழகம். கிழக்குக் கரையின் பழைய பணக்காரப் பல்கலைக்கழகங்கள் அதைப் பட்டிக்காட்டுக் கல்லூரியாகத்தான் பார்த்தன. ஹார்வர்டும் யேலும் 1852லேயே படகில் மோதியவை. வாஷிங்டனில் படகு வந்ததே 1903இல். அங்கே துடுப்பு வலித்தவர்கள் மரம் வெட்டுபவர்களின் பிள்ளைகள், மாட்டுப் பண்ணைப் பிள்ளைகள், மீன்பிடிப் படகில் வேலை செய்தவர்கள். காலம் பொருளாதார மந்தத்தின் நடுப்பகுதி. ஜோ ரான்ட்ஸ் என்ற பையனைக் குடும்பமே பதின்ம வயதில் தனியே விட்டுவிட்டுப் போயிருந்தது. விடுமுறையில் கூலி வேலை செய்து, அந்தக் காசில் படித்தான். படகில் இடம் பிடித்தால் வளாகத்தில் பகுதிநேர வேலை கிடைக்கும் என்பதும் அவன் படகுக்கு வந்ததற்கு ஒரு காரணம்.

அவர்களுடைய படகைச் செய்தவர் ஜார்ஜ் போக்காக். இங்கிலாந்திலிருந்து பிழைக்க வந்த படகுத் தச்சர். அந்தப் பல்கலைக்கழகத்தின் படகுக் கொட்டகை மாடியிலேயே பட்டறை வைத்திருந்தார். வட்டார மரமான செந்தேவதாருவில் செய்தார். கிழக்கத்திய பல்கலைக்கழகங்களே அவரிடம் படகு வாங்கின. ஒலிம்பிக்குக்குத் தேர்வான பிறகு, பெர்லின் போகப் பணமில்லை, பணம் கட்ட முடியாவிட்டால் அடுத்த குழு போகட்டும் என்று மேலிடம் சொல்லிவிட்டது. சியாட்டில் மக்களும் சுற்று வட்டாரச் சிற்றூர்களும் சில நாள்களில் 5,000 டாலர் திரட்டினார்கள். ஆகஸ்ட் 14ஆம் நாள், ஹிட்லர் பார்த்திருக்க, காற்று மோசமாக அடிக்கும் வழித்தடத்தில், நோயோடு எழுந்து வந்த டான் ஹியூம் தாளம் கொடுக்க, எட்டுத் துடுப்புப் படகில் கடைசி இடத்திலிருந்து மேலேறித் தங்கம் வென்றார்கள். 6 நிமிடம் 25.4 நொடி. இத்தாலி 6:26.0. ஜெர்மனி 6:26.4. மூன்று படகும் ஒரே நொடிக்குள்.

இதை வெறும் வீரக் கதையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு தச்சர், ஒரு பயிற்சியாளர், ஒரு கொட்டகை, நன்கொடை கொடுத்த ஊர், முப்பது ஆண்டுகளாக ஒருவர் அடுத்தவருக்குக் கற்றுக்கொடுத்த பழக்கம், இவை எல்லாம் சேர்ந்து, சுக்கான் பிடித்தவரோடு அந்த ஒன்பது பேரைத் தண்ணீரில் இறக்கின.

நமக்கு இன்னும் நெருக்கமான ஊர் வேண்டும் என்றால் புனேவைப் பாருங்கள். 1854இல் தொடங்கிய புனே பொறியியல் கல்லூரி, 2022 முதல் தனிப் பல்கலைக்கழகம். முளா, முட்டா ஆறுகள் கூடும் இடத்துக்கு அருகே அதன் படகுக் கழகம் இருக்கிறது. 1928 முதல் அங்கே ‘ரெகட்டா’ என்ற படகு விழா நடந்து வருகிறது. 2028இல் நூறு ஆண்டு நிறையப் போகிறது. அதை மாணவர்களே நடத்துகிறார்கள். பந்தயம் மட்டும் இல்லை. படகுகளை அம்பு வடிவில் அணிவகுக்கிறார்கள், தீப்பந்தம் ஏந்தி ஆடுகிறார்கள், நகரமே கரையில் கூடிப் பார்க்கிறது. எந்திரவியலும் கட்டடவியலும் படிக்கும் சாதாரண வீட்டுப் பிள்ளைகள்தான் அவ்வளவு பேரும். ஆறு கெட்டுப்போய் ஆகாயத்தாமரை மூடும்போது அதோடும் மல்லுக்கட்டுகிறார்கள். ஆனாலும் விடவில்லை.

அதே புனேயில் ராணுவத்தின் துடுப்புப் பயிற்சி மையம் இருக்கிறது. அங்கே உருவானவர் தத்து போகனல். நாசிக் மாவட்டத்தில் தண்ணீர்ப் பஞ்சத்துக்குப் பேர்போன பகுதியில் பிறந்தவர். தந்தையோடு கிணறு தோண்டும் வேலைக்குப் போனவர். 2012இல் ராணுவத்தில் சேர்ந்த பிறகுதான் படகையே பார்த்தார். தண்ணீரைக் கண்டு பயந்தார். நான்கே ஆண்டில், 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஒற்றையர் படகில் 13ஆம் இடம். 2018 ஆசிய விளையாட்டில் மூன்று தோழர்களோடு நால்வர் படகில் தங்கம். குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊரில் பிறந்தவர் இதைச் செய்தார். நாம் கிள்ளான் ஆற்றங்கரையில் பிறந்தவர்கள்.

தமிழ்நாட்டிலும் பழைய கதை உண்டு. சென்னை போட் கிளப் 1867இல் தொடங்கியது, அடையாற்றில் பயிற்சி. கொழும்புக் கழகம் அதைவிட மூன்று ஆண்டு மூத்தது. இரண்டும் 1898 முதல் ஒன்றோடொன்று மோதி வருகின்றன. இரண்டும் வெள்ளைக்காரர்கள் தங்களுக்காகக் கட்டிக்கொண்டவை. பின்னால் நம்மவர் கைக்கு வந்தன. அவை நகரத்துக் கழகங்கள், பல்கலைக்கழகக் கழகங்கள் இல்லை என்பதால் இதற்கு மேல் இங்கே விரிக்கவில்லை.

இனி நம் பயத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

கடாரம் கொண்ட ராஜேந்திர சோழனைப் பற்றி நம் மேடைகளில் பேசாத ஆண்டில்லை. 1025இல் கடல் தாண்டி வந்த படையைப் பற்றிப் பேசும்போது கைதட்டல் கூரையைப் பிளக்கிறது. ஆனால் கைதட்டியவர்களில் நீந்தத் தெரிந்தவர் எத்தனை பேர்? நம் கொள்ளுத்தாத்தாக்கள் ரஜுலா போன்ற கப்பல்களில் பினாங்குக்கும் போர்ட் சுவெட்டன்ஹாமுக்கும் வந்து இறங்கினார்கள். அந்தப் பயணத்தில் தண்ணீர் என்றால் வாந்தி, கூட்ட நெரிசல், கரையேறியதும் தனிமை முகாம். பிறகு பழைய ஈயக் குட்டைகளில் குளிக்கப் போன பிள்ளைகள் பிணமாக வந்தார்கள். அம்மாக்கள் ‘தண்ணிப் பக்கம் போகாதே’ என்று சொன்னதில் தவறே இல்லை. அவர்கள் அறிந்த தண்ணீர் அப்படிப்பட்டது. ஆனால் பயத்துக்கு மருந்து விலகி நிற்பது இல்லை என்பதை 2021 டிசம்பர் நமக்குக் காட்டிவிட்டது.

டிசம்பர் 18ஆம் நாள் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் ஏறியது. நம் குடும்பங்கள் எத்தனையோ மாடியிலும் கூரையிலும் மாட்டிக்கொண்டன. குடிக்கத் தண்ணீரும் சோறும் இல்லாமல் இரவைக் கழித்தார்கள். பெரிய உதவி வந்து சேர நேரமானது. அதற்கு முன்னே வந்தவர்கள் சொந்தமாகப் படகும் கயாக்கும் வைத்திருந்த சாதாரண மனிதர்கள். எங்கிருந்தோ வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, தெரியாதவர் வீட்டு வாசலில் துடுப்பு வலித்தார்கள். அந்த நாள்களில் கிள்ளான் வட்டாரத்து இளைஞர்களிடம் ஆசைக்கும் அன்புக்கும் குறையே இல்லை. சோறு சமைத்தார்கள், துணி சேர்த்தார்கள், சேறு வாரினார்கள். ஆனால் படகை நம்பிக் கொடுத்தால் ஓட்டத் தெரிந்தவர் மிகச் சிலர். கழுத்தளவுத் தண்ணீரில் ஒரு பாட்டியை ஏற்றிக்கொண்டு, நீரோட்டத்துக்கு எதிராகப் படகைத் திருப்புவது ஆர்வத்தால் மட்டும் வராது. அதற்குப் பல மாதப் பயிற்சி வேண்டும். நம் வட்டாரத்தில் வெள்ளம் மறுபடி வரும். அப்போது உங்களில் நாற்பது பேருக்குப் படகு தெரிந்திருந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

தங்கைகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ‘கறுத்துப் போவாய்’ என்று வீட்டில் சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள். ‘பெண் பிள்ளைக்குத் தோள் அகலமாகிவிடும்’ என்று இன்னொரு பேச்சும் வரும். 1927இல் ஆக்ஸ்பர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் நடந்த முதல் பெண்கள் படகுப் போட்டியில் இரண்டு படகையும் அருகருகே விடவே இல்லை. தனித்தனியாக ஓட்டச் சொல்லி, நேரத்தோடு நளினத்துக்கும் மதிப்பெண் போட்டார்கள். பெண்கள் மோதுவது அழகில்லையாம். ஆண்கள் போகும் அதே லண்டன் பாதையில், அதே நாளில் பெண்களும் போட்டியிட 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 88 ஆண்டுகள், தங்கைகளே. அந்த ஆண்டுகளில் யாரோ சில பெண்கள் பழைய படகில், குளிரில், பணமில்லாமல், கைதட்ட ஆளில்லாமல் பயிற்சி செய்தார்கள். நடுவில் போட்டி நின்றுபோனபோது மறுபடி எழுப்ப ஆளில்லாமல் போயிருந்தால் 2015 வந்திருக்காது. நம் பல்கலைக்கழக வகுப்புகளில் பெண் பிள்ளைகள்தான் நிறைந்திருக்கிறீர்கள். முதல் படகு பெண்கள் படகாக இருந்தால் எனக்கு இரட்டை மகிழ்ச்சி.

இனி காரியத்துக்கு வருகிறேன்.

தண்ணீர் இருக்கிறதா என்று கேட்பீர்கள். இருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே வார்சிட்டி ஏரி இருக்கிறது. ஒரு காலத்தில் நாறிக் கிடந்த அந்த ஏரியை, ‘வாட்டர் வாரியர்ஸ்’ என்ற பெயரில் விரிவுரையாளர்களும் மாணவர்களும் இறங்கி மீட்டார்கள். நீண்ட எண்மர் படகுக்கு அது சிறியது, கற்றுக்கொள்ள ஏற்றது. செர்டாங், பாங்கி, காஜாங் பக்கம் படிப்பவர்களுக்குப் புத்ராஜெயா ஏரி கூப்பிடு தூரம். சுவாவ், பீசா என்ற இரு சிற்றாறுகளை மறித்து உண்டாக்கிய ஏரி அது; டிராகன் படகுகள் சீறிப் பாய்வதை அங்கே பார்த்திருப்பீர்கள். உங்கள் பல்கலைக்கழகத்தில் டிராகன் படகுக் குழு இருந்தால் முதலில் அதில் சேருங்கள். வலிக்கும் முறை வேறு. ஆனால் தண்ணீரின் குணமும், இருபது பேர் ஒரே தாளத்தில் மூச்சு விடுவதும் அங்கேயே கைவந்துவிடும்.

கிள்ளான் ஆற்றையே கேட்பவர்களும் இருக்கலாம். 120 கிலோமீட்டர் ஓடி, பிரிக்பீல்ட்ஸை உரசி, நம் ஊர் வழியாகக் கடலில் சேரும் ஆறு. அதில் இன்று படகுப் பயிற்சி நடத்துங்கள் என்று சொல்ல மாட்டேன். 2019இல் குப்பை அள்ளும் மிதவை இயந்திரத்தை அங்கே இறக்கினார்கள். அள்ள அள்ள வருகிறது. ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். தேம்ஸை 1957இல் உயிரற்ற ஆறு என்றார்கள். பிறகு மீன் வந்தது. 2024இல் மறுபடி கழிவுநீர்க் கிருமி கூடி, வென்ற குழுவினர் சுக்கான் பிடிப்பவரைத் தண்ணீரில் தூக்கிப் போடும் வழக்கத்தையே கைவிடச் சொன்னார்கள். நாடெங்கும் அதைப் பேசினார்கள், ஏனென்றால் அந்த ஆற்றில் தினமும் இறங்குகிறவர்கள் இருந்தார்கள். ஓர் ஆற்றில் படகு வலிப்பவர்கள் இல்லாமல் போனால், அது கெடும்போது கத்துவதற்கும் ஆளில்லாமல் போகும்.

படகு விலை அதிகம்தான். அதனால் படகு வாங்குவதில் தொடங்காதீர்கள். நீச்சலில் தொடங்குங்கள். உடையோடு நீந்தவும், கவிழ்ந்த படகைப் பிடித்து மிதக்கவும் தெரியாத யாரையும் படகில் ஏற்றக் கூடாது. உயிர்காப்பு மேலங்கி இல்லாமல் முதலாண்டில் யாரும் தண்ணீருக்குப் போகக் கூடாது. இந்த இரண்டு விதியையும் எழுதி ஒட்டுங்கள். தலைவராக இருந்தாலும் விலக்கு இல்லை. அடுத்து, உடற்பயிற்சிக் கூடத்தில் இருக்கும் துடுப்பு இயந்திரம். இருக்கை முன்னும் பின்னும் நகரும், சங்கிலியை இழுப்பீர்கள். அங்கேதான் முதல் பாடம் புரியும்: படகை ஓட்டுவது கையைவிட அதிகமாகக் கால். காலை உந்தி, முதுகைத் திறந்து, கடைசியில்தான் கை. இந்த வரிசை உடம்பில் ஊற ஒரு பருவம் ஆகும்.

மெலிந்த, உயரம் குறைந்த பிள்ளைகள் இது நமக்கில்லை என்று விலக வேண்டாம். எண்மர் படகில் ஒன்பதாவது ஆள் உண்டு. துடுப்பு வலிக்கும் எட்டுப் பேரும் போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார்கள். சுக்கான் பிடிக்கும் அந்த ஒருவர் மட்டுமே முன்னே பார்ப்பார். உலகப் போட்டிகளில் அவருக்குக் குறைந்தபட்ச எடையே 55 கிலோதான். குரலும் நிதானமும் கணக்கும் வேண்டிய வேலை. பட்டிமன்றத்தில் பேசிப் பழகிய தங்கை ஒருத்தி அந்த இருக்கையில் எப்படி இருப்பாள் என்று நான் பல முறை கற்பனை செய்திருக்கிறேன்.

கழகத்தை மாணவர் விவகாரப் பிரிவில் முறைப்படி பதிவு செய்யுங்கள். நம் பிள்ளைகளுக்கு மட்டும் என்று வைக்காதீர்கள். மலாய்த் தோழரையும் சீனத் தோழரையும் சபா, சரவாக்கிலிருந்து வந்தவரையும் முதல் கூட்டத்துக்கே அழையுங்கள். ஆற்றங்கரையில் வளர்ந்த சரவாக் பிள்ளைகள் உங்களுக்கு நிறையக் கற்றுத் தருவார்கள். ஆனால் தொடங்கும் முயற்சியும் பொறுப்பும் உங்களுடையதாக இருக்கட்டும். இடைநிலைப் பள்ளியில் புறப்பாடம் என்றால் பல்கலைக்கழக நுழைவுக்கான அந்த 10 விழுக்காடு என்று எண்ணப் பழகிவிட்டோம். அந்த எண்ணத்தை வளாக வாசலிலேயே விட்டுவிடுங்கள். இனி மதிப்பெண்ணுக்காக இதைச் செய்யாதீர்கள்.

கைமாற்றுவதற்கு வருகிறேன். கேம்பிரிட்ஜில் 1882இல் கட்டிய கோல்டி படகுக் கூடம் இருக்கிறது. தலைவர் அறைச் சுவரில் 1829 முதல் ஆக்ஸ்பர்டோடு மோதிய ஒவ்வொரு குழுவினரின் பெயரும் எழுதப்பட்டிருக்கிறது. உங்களுக்குச் சுவர் வேண்டாம். தடிமனான ஒரு கணக்குப் புத்தகம் போதும். ஒவ்வொரு பயிற்சி நாளும் யார் வந்தார், எவ்வளவு தூரம், காற்று எப்படி, எது உடைந்தது, யார் சரிசெய்தார், எவ்வளவு ஆனது என்று எழுதுங்கள். கைப்பேசிக் குழுவில் எழுதினால் போதாது. ஆள் மாறினால் அது போய்விடும். மூன்றாம் ஆண்டு மாணவர் தலைவராக இருக்கும்போதே முதலாண்டு மாணவர் ஒருவர் துணைப் பொருளாளராக இருக்க வேண்டும் என்று விதியிலேயே எழுதுங்கள். பட்டம் வாங்கியவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை வந்து புதியவர்களோடு படகில் ஏற வேண்டும். வேலைக்குப் போன முதல் ஆண்டிலிருந்தே மாதம் பத்து ரிங்கிட் அனுப்புங்கள். சியாட்டிலில் ஊரே கொடுத்தது. நம் ஊரும் கொடுக்கும். கோயில் திருவிழாவுக்குக் கொடுக்கும் கையைப் பார்த்தவள் நான். கேட்பதற்கு ஆள் வேண்டும், கொடுத்த பணத்துக்குக் கணக்குக் காட்ட அந்தப் புத்தகம் வேண்டும்.

பெற்றோருக்கு இந்த மடலைப் படித்துக் காட்டுங்கள். நீச்சல் தெரிந்த பிறகுதான் படகு என்ற விதியை முதலில் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் அம்மா தயங்கினால் ஒரு சனிக்கிழமை காலை புத்ராஜெயா ஏரிக்கு அவரையும் அழைத்து வாருங்கள். பக்கத்தில் நின்று பேச நான் வருகிறேன்.

முதல் கூட்டத்துக்கு எட்டுப் பேர் சேரவில்லை என்று தள்ளிப்போடாதீர்கள். நால்வருக்கும் படகு இருக்கிறது, இருவருக்கும் இருக்கிறது, ஒருவருக்கும் இருக்கிறது. பருவம் தொடங்கி இரண்டாம் வாரத்துக்குள் கூட்டத்தைப் போட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு இடுபணியும் தேர்வும் வந்து எல்லோரையும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

அன்புடன்,
மேருவிலிருந்து உங்கள் அக்கா